கீமோ தொடங்கும் வீட்டில்: துணைவருக்கான கேள்வி பதில்

என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவருக்கு வயது 43. அறுவை சிகிச்சை முடிந்து, கீமோதெரபி தொடங்க இரண்டு வாரம் இருந்தது. சிங்கப்பூரின் செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், உதவிக்காக ஊரிலிருந்து வந்த மாமியார். அந்த இரண்டு வாரமும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எல்லாம் நோயாளிக்கு எழுதியவை. பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிறவனுக்கு என்ன வேலை என்று எதிலும் இல்லை.

சிகிச்சை முடிந்த பிறகு, இதே நிலையில் நிற்கிற பலர் என்னைத் தேடி வந்து கேட்டார்கள். அந்தக் கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை. நான் மருத்துவன் அல்லன். மருந்தும் அளவும் ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் மருத்துவரும் தாதியும் சொல்வது இதில் உள்ளதோடு முரண்பட்டால் அவர்கள் சொல்வதையே கேளுங்கள். கணவனாக இருந்து எழுதியிருக்கிறேன். கணவரைக் கவனிக்கும் மனைவியருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் மருந்து ஏறுவதற்கு முன்பு வீட்டில் என்ன தயாராக இருக்க வேண்டும்?

நல்ல டிஜிட்டல் வெப்பமானி ஒன்று. கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று. மருத்துவமனை தரும் அவசரத் தொடர்பு எண். அந்த எண்ணை எங்கள் இருவர் கைப்பேசியிலும் பதிந்துவிட்டு, மாமியாருக்காகப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவிலும் ஒட்டினேன்.

நோட்டுப் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எத்தனை முறை வாந்தி, உடல் வெப்பம், என்ன உள்ளே போனது, மலம் கழிந்ததா, இரவு தூக்கம் எப்படி என்று நாளுக்கு ஒரு பக்கம் எழுதினேன். மூன்று வாரம் கழித்து மருத்துவர் "எப்படி இருந்தீர்கள்?" என்று கேட்கும்போது, பெரும்பாலான நோயாளிகள் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்கள். என் மனைவியும் அதையே சொன்னார். நான் நோட்டைத் திறந்து, மூன்றாம் நாள் ஐந்து முறை வாந்தி எடுத்ததையும் நான்காம் நாள் தண்ணீர்கூட இறங்காததையும் படித்தேன். மருத்துவர் அங்கேயே வாந்தித் தடுப்பு மருந்தை மாற்றினார். முதல் சுற்றில் துணைவரால் ஆகிற மிகப் பெரிய உதவி இந்தக் கவனிப்புதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பல்லில் தொந்தரவு இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிப் பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். பின்னால் அது கிருமித் தொற்றுக்கு வாசலாகலாம். வீட்டில் உள்ள மற்றவர்கள் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. நோயாளிக்கு எந்த ஊசி எப்போது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். உயிருள்ள கிருமிகளைக் கொண்டு செய்யப்படும் தடுப்பூசிகள் கீமோ காலத்தில் ஆகாது.

இன்னொன்று. இனிமேல் குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும், கருமுட்டையையோ விந்தணுவையோ சேமித்துவைப்பது பற்றி முதல் மருந்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். கூச்சத்தால் தள்ளிப்போட்டால், பிறகு கேட்டுப் பயனில்லாமல் போகலாம்.

சிகிச்சை நாள் எப்படிப் போகும்?

காத்திருப்பதிலேயே பாதி நாள் போகும். முதலில் இரத்தப் பரிசோதனை. வெள்ளை அணுக்களும் மற்ற அளவுகளும் போதுமானவையாக இருந்தால்தான் மருத்துவர் சம்மதிப்பார். அதன் பிறகே மருந்தகத்தில் அவருக்கென்று மருந்தைக் கலப்பார்கள். ஏன் இவ்வளவு நேரம் என்று நானும் முதல் நாள் பொருமினேன். எடை, உயரம், அன்றைய இரத்த அளவு எல்லாவற்றையும் பார்த்துத் தயாராகிற மருந்து அது என்று தாதி விளக்கியதும் பொறுமை வந்தது. மருந்தை ஏற்றுமுன் பெயரையும் அடையாள எண்ணையும் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அதற்காக எரிச்சல்பட வேண்டாம். அது உங்களுக்கான பாதுகாப்பு.

சிகிச்சைக் கூடத்தில் குளிர் அதிகம். சால்வை, காலுறை, சார்ஜர், வாசனை அதிகமில்லாத சிற்றுண்டி கொண்டுபோங்கள். மருந்து ஏறும் இடத்தில் எரிச்சலோ வலியோ வீக்கமோ இருப்பதாக அவர் முனகினால், "கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்த நொடியே தாதியை அழையுங்கள். சில மருந்துகள் இரத்தக் குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும்.

என் மனைவிக்குக் கொடுத்தவற்றில் ஒன்று டாக்சோரூபிசின். செக்கச் சிவந்த மருந்து. அன்று மாலை சிறுநீர் சிவப்பாகப் போகவும் இரத்தம் என்று நினைத்து அவர் அலறிவிட்டார். மருந்தின் நிறம்தான் அது. ஓரிரு நாளில் மாறிவிடும். உங்களுக்கான மருந்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, அதற்கே உரிய விசித்திரங்கள் என்னென்ன என்று தாதியிடம் முன்பே கேளுங்கள். ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து ஏறியவர்களுக்குக் குளிர்ந்த நீரைத் தொட்டாலே விரல் நுனியில் ஊசி குத்துவது போல இருக்கும், தொண்டை இறுகும். அவர்களுக்கு ஃபிரிட்ஜைத் திறந்து எடுத்துக் கொடுப்பதும் உங்கள் வேலைதான்.

முதல் இரண்டு நாள் நன்றாக இருக்கிறாரே. பாதிப்பு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவசரப்பட வேண்டாம். வாந்தியைத் தடுக்கப் பலருக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அது ஒரு சுறுசுறுப்பைத் தரும், தூக்கத்தைக் கெடுக்கும். என் மனைவி முதல் இரவு ஒரு மணிக்கு எழுந்து சமையலறை அலமாரியைத் துடைத்தார். அந்த மாத்திரை நின்றதும் மூன்றாம், நான்காம் நாளில் உடல் அப்படியே சரிந்தது. விடுப்பு எடுப்பதானால் சிகிச்சை நாளோடு அந்த நாள்களுக்கும் சேர்த்து எடுங்கள். வாந்தி மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு தேடாமல், சொன்ன நேரத்துக்குக் கொடுத்துவிடுங்கள். அவற்றில் சில மலச்சிக்கலை உண்டாக்கும். அதையும் தாதியிடம் சொல்லிவையுங்கள்.

இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்திருப்பீர்கள் என்றால் இதை வைத்திருங்கள்.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்குகிறது. எலும்பு மச்சையில் உருவாகும் வெள்ளை அணுக்களும் அதில் அகப்படும். பல மருந்துகளுக்கு ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் அவை அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது ஒரு சாதாரணக் கிருமி சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகலாம். சீழ், வீக்கம், சிவப்பு எதுவும் தெரியாமல் போகலாம், ஏனென்றால் அவற்றை உண்டாக்குவதே வெள்ளை அணுக்கள்தான். காய்ச்சல் ஒன்றே அறிகுறியாக இருக்கலாம். சிலருக்கு அதுவும் இல்லாமல் நடுக்கம் மட்டும் வரும்.

38 டிகிரி செல்சியஸ் தொட்டால், அல்லது உடல் குளிர்ந்து நடுங்கினால், மருத்துவமனை கொடுத்த எண்ணை அழையுங்கள். எண் கிடைக்காவிட்டால் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். விடிந்ததும் பலதுறை மருந்தகத்துக்குப் போகலாம் என்ற எண்ணமே வேண்டாம். மூச்சுத் திணறலோ குழப்பமோ மயக்கமோ இருந்தால் 995.

எங்களுக்கு அது பத்தாம் நாள் வந்தது. 38.2. "காலையில் பார்த்துக்கொள்ளலாம், பிள்ளைகள் தூங்குகிறார்கள்" என்றார் மனைவி. நானும் நாற்பது நிமிடம் தயங்கி நின்றேன். பாராசிட்டமால் கொடுக்கலாமா என்று பெட்டியைக்கூட எடுத்துவிட்டேன். கேட்காமல் அதைக் கொடுத்திருந்தால் காய்ச்சல் மறைந்திருக்கும், தொற்று உள்ளே வளர்ந்திருக்கும். நல்லவேளையாக, ஃபிரிட்ஜ் கதவில் இருந்த எண்ணை மாமியார் காட்டினார். டாக்சியில் போய் இறங்கியதும் பதிவு முகப்பில் நான் சொன்ன முதல் வாக்கியம்: "கீமோ எடுத்துப் பத்தாவது நாள், காய்ச்சல் 38.2." வேறு எதையும் அதற்கு முன் சொல்லாதீர்கள். காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடலாம். கீமோ என்ற சொல்தான் உங்களை முன்னே கொண்டுபோகும். அன்று நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இரத்தக் குழாய் வழியாக ஏறியது. நான்கு நாள் வார்டில் இருந்தார். அந்த நாற்பது நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்குகிறது.

இதைத் தடுக்க என்ன செய்யலாம் என்றால், கை கழுவுவதுதான் முதல் வழி. வீட்டுக்குள் நுழையும் எவரும் முதலில் கை கழுவட்டும். சளி இருமல் உள்ள விருந்தினரை வாசலிலேயே அன்பாகத் திருப்பி அனுப்புங்கள். சிங்கப்பூரில் டெங்கியும் உண்டு. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் கீமோவால் குறைந்திருக்கும் நேரத்தில் அது மிகவும் கொடுமையானது. பூந்தொட்டித் தட்டில் நிற்கும் தண்ணீரைத் தவறாமல் கொட்டுங்கள்.

சிலருக்கு வெள்ளை அணுக்களைப் பெருக்கும் ஊசி ஒன்றை மறுநாள் போடுவார்கள். அதை வீட்டிலேயே போடக் கற்றுத் தருவார்கள். எனக்குக் கை நடுங்கியது. இரண்டாம் முறை நடுங்கவில்லை. அந்த ஊசிக்குப் பிறகு இடுப்பும் முதுகும் வலிக்கும். எலும்பு மச்சை வேலை செய்வதால் வரும் வலி அது.

என்ன சமைப்பது? எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார்.

எங்கள் வீட்டில் பெரிய போராட்டமே இதுதான். மாமியார் மகளுக்குப் பிடித்த மீன் குழம்பை வைத்தார். தாளிக்கும் வாசனை வந்ததும் இவர் குளியலறைக்கு ஓடினார். மாமியார் அழுதார். மகளுக்குச் சோறு ஊட்ட முடியாத தாயின் வேதனை அது. அதையும் நீங்கள்தான் தாங்க வேண்டியிருக்கும்.

கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். தாளிப்பு, வறுவல் எல்லாம் அவர் தூங்கும்போதோ, சன்னல்களைத் திறந்து அவர் அறைக் கதவை மூடிவைத்தோ செய்யுங்கள். சூடான உணவைவிட ஆறிய உணவில் வாசனை குறைவு. தயிர்சாதமும் இட்லியும் அதனால்தான் இறங்கின. மூன்று வேளைக்குப் பதில் ஆறேழு முறை, சிறு கிண்ணத்தில். வாயில் இரும்பைக் கடித்தது போன்ற சுவை இருப்பதாகச் சொன்னால் எவர்சில்வர் கரண்டியை விட்டுப் பிளாஸ்டிக் கரண்டிக்கு மாறுங்கள். வாய்ப்புண் இருக்கும்போது மிளகு ரசம் எரியும். பாசிப்பருப்புக் கஞ்சி ஆறுதல். புரதம் முக்கியம்: நன்றாக வெந்த முட்டை, பருப்பு, கோழி, மீன், பனீர், டோஃபு எது இறங்குகிறதோ அது. ஒன்றுமே இறங்காத நாளில் தண்ணீரையும் இளநீரையும் மடக்கு மடக்காகக் கொடுங்கள். ஒரு நாள் முழுதும் நீர்கூடத் தங்கவில்லை என்றால் மருத்துவமனையை அழையுங்கள்.

வேகாததெல்லாம் வேண்டாம். காப்பிக்கடையில் அவருக்குப் பிடித்த அரை வேக்காட்டு முட்டை, சீனப் புத்தாண்டு யூஷெங்கில் வரும் பச்சை மீன், காய்ச்சாத பால், வெளியில் நறுக்கி வைத்த பழம் எல்லாவற்றையும் சிகிச்சை முடியும்வரை தள்ளிவையுங்கள். உணவங்காடியில் வாங்குவதானால் கண்முன்னே சூடாகச் செய்து தருவதை வாங்குங்கள்.

"சாப்பிடு, சாப்பிட்டால்தானே தெம்பு வரும்" என்று நான் ஒரு நாளில் பத்து முறையாவது சொல்லியிருப்பேன். ஐந்தாம் நாள் அவர் சொன்னார்: "என்னங்க, நீங்கள் கிண்ணத்தோடு வருவதைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது." அதன் பிறகு கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். பாதி நேரம் காலியாகியிருக்கும்.

பப்பாளி இலைச் சாறு, முள் சீத்தாப்பழம், மஞ்சள் மாத்திரை?

அனுப்புகிறவர்களின் அன்பை ஏற்றுக்கொள்ளுங்கள், பொருளை ஒதுக்கிவையுங்கள். குழம்பில் போடும் மஞ்சள் வேறு, மாத்திரையாகச் செறிவூட்டிய மஞ்சள் வேறு. சில மூலிகைகள் கல்லீரலில் கீமோ மருந்தோடு மோதி அதன் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். சித்த, ஆயுர்வேத, சீன மருந்து எதையாவது ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் டப்பாவோடு மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் கோபிப்பார் என்று மறைத்து எடுப்பதுதான் ஆபத்து.

அவரைத் தொடலாமா? பிள்ளைகள் கட்டிப்பிடிக்கலாமா?

தாராளமாக. பிள்ளைகளை விலக்கி வைக்காதீர்கள். மருந்தின் எச்சம் சிறுநீரிலும் மலத்திலும் வாந்தியிலும் வெளியேறும், அவ்வளவுதான். பொதுவாக 48 மணி நேரம், சில மருந்துகளுக்கு இன்னும் கூடுதலாக, கவனம் வேண்டும்: கழிவறை மூடியைப் போட்டு இரண்டு முறை தண்ணீர் விடுவது, வாந்தியைத் துடைக்கும்போது கையுறை, அழுக்கான துணியைத் தனியாகத் துவைப்பது. வீட்டில் பணிப்பெண் இருந்தால் அவருக்கும் இதை விளக்கிக் கையுறை வாங்கிக் கொடுங்கள். அவர் கருவுற்றிருக்கலாம் என்ற நிலை இருந்தால் அந்த வேலையை நீங்கள் செய்யுங்கள்.

கணவன் மனைவி உறவைப் பற்றித் தாதியிடம் வெட்கப்படாமல் கேட்கலாம். ஆணுறை தேவை, இந்தக் காலத்தில் கரு உண்டாகக் கூடாது. ஆசை இல்லாத வாரங்கள் வரும். பக்கத்தில் படுத்துக் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதும் உறவுதான்.

முடி கொட்டும்போது என்ன சொல்வது?

எல்லா மருந்துக்கும் கொட்டுவதில்லை. கொட்டுமானால் பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில் தொடங்கும். எங்களுக்குப் பதினாறாம் நாள். தலையணையில் கற்றை கற்றையாக. "முடிதானே, வளர்ந்துவிடும்" என்றேன். உண்மைதான், பிறகு வளரவும் செய்தது. ஆனால் அன்று அதைச் சொல்லியிருக்கக் கூடாது. திருமணத்தன்று முழங்கால்வரை பின்னி மல்லிகை வைத்த முடி அது. அவர் ஒன்றும் பேசாமல் தலையணை உறையை மடித்து வைத்தார்.

மறுநாள் அவரே மழிக்கச் சொன்னார். மின் கத்தரி வாங்கி வந்தேன். சவரக் கத்தி வேண்டாம், சிறு வெட்டும் தொற்றாகலாம். மகள் சீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பழனியில் பிள்ளைகளுக்கு மொட்டை போட்ட கதையை மாமியார் சொல்லிக்கொண்டே இருந்தார். பாதி அழுகை, பாதி பேச்சு. எப்போது, யார் முன்னிலையில், மழிப்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். நானும் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன்.

யாரிடமெல்லாம் சொல்வது?

அவர் யாரைச் சொல்கிறாரோ அவர்களிடம் மட்டும். இது அவருடைய செய்தி. ஊரிலிருந்து நாளைக்கு இருபது அழைப்பு வரும். ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த ஒரு மரணத்தோடு பேச்சை முடிப்பார்கள். என் அண்ணனை ஒரே செய்தியாளராக்கினோம். வாரம் ஒரு முறை அவரிடம் சொன்னோம், மற்றவர்களுக்கு அவர் சொன்னார்.

பிள்ளைகளிடம் "புற்றுநோய்" என்ற சொல்லையே சொல்லிவிடுங்கள். மறைத்தால் பள்ளி நண்பர்களிடமிருந்து திரித்துக் கேட்பார்கள். எங்கள் எட்டு வயது மகன் கேட்டது, தான் செய்த குறும்பால் அம்மாவுக்கு வந்ததா என்று. நாங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் அந்தக் கேள்வி அவனுக்குள்ளேயே கிடந்திருக்கும். வகுப்பாசிரியருக்கும் ஒரு வரி சொல்லிவைத்தோம்.

கோயிலுக்குப் போகலாமா? விரதம்?

வெள்ளை அணுக்கள் இறங்கியிருக்கும் வாரத்தில் கூட்டத்தைத் தவிர்க்க வேண்டும். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடுவரை நடக்கும் கூட்டத்திலோ, தீபாவளிக்கு முந்தைய இரவு தேக்காவிலோ அவருக்கு வேலை இல்லை. இரத்த அளவு தேறிய வாரத்தில், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, கூட்டமில்லாத வேலைநாள் முற்பகலில் போய் வந்தோம். விரதமோ நோன்போ மருத்துவரிடம் கேட்காமல் வேண்டாம். அவருக்காக நீங்கள் இருக்கலாம். ஆனால் உங்களுக்கும் தெம்பு வேண்டும்.

செலவும் விடுப்பும்?

முதல் வாரமே மருத்துவ சமூக ஊழியரைச் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள். பணம் தீர்ந்த பிறகு போக வேண்டிய இடம் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படை மருத்துவக் காப்புறுதி உண்டு. உங்கள் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து துணைவரின் சிகிச்சைக்கு, வரம்புக்கு உட்பட்டு, பணம் எடுக்கலாம். அதற்கும் மேல் முடியாத குடிமக்களுக்கு மெடிஃபண்டு என்ற அரசாங்க உதவி நிதி. 2022 செப்டம்பர் முதல் மெடிஷீல்டு லைஃப், புற்றுநோய் மருந்துப் பட்டியலில் உள்ள வெளிநோயாளி மருந்துகளுக்கே ஈடு தருகிறது. 2023 ஏப்ரல் முதல் தனியார் ஒருங்கிணைந்த காப்புறுதித் திட்டங்களும் அந்தப் பட்டியலை ஒட்டியே நடக்கின்றன. ஆகவே, "இந்த மருந்து பட்டியலில் இருக்கிறதா?" என்பது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. வேலை அனுமதியில் வந்திருப்பவர்களுக்கு மெடிஷீல்டு லைஃப் இல்லை. முதலாளியின் காப்புறுதி எதுவரை தாங்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

நோயாளி வேலை பார்ப்பவரானால், வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி ஆறு மாதப் பணிக்குப் பிறகு ஆண்டுக்கு 60 நாள்வரை சம்பளத்துடன் மருத்துவமனை விடுப்பு உண்டு; சாதாரண 14 நாள் மருத்துவ விடுப்பும் அதற்குள் அடங்கும். உங்களுக்கு நீக்குப்போக்கான வேலை நேரம் வேண்டுமானால் எழுத்தில் கேளுங்கள். 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள (அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்து வகுத்த) முத்தரப்பு வழிகாட்டுதல்படி, முறையாகக் கேட்ட ஊழியருக்கு முதலாளி இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். கீமோ இரண்டு மாதம் காத்திருக்காது, அதனால் தேதி தெரிந்த அன்றே கேளுங்கள். சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கத்தையும் நாடலாம். 1964 முதல் இயங்கும் அமைப்பு அது.

என்மீது எரிந்து விழுகிறார். நான் என்ன தவறு செய்தேன்?

பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஸ்டீராய்டு, தூக்கமின்மை, பயம் எல்லாம் சேர்ந்து பக்கத்தில் இருப்பவர்மேல் இறங்கும். பதில் சொல்லித் தீர்க்கப் பார்க்காதீர்கள். "தைரியமாக இரு" என்பதும் வேண்டாம். பயமாக இருக்கிறது என்று சொல்ல அவருக்கு இடமில்லாமல் போய்விடும். நான் ஒருநாள் "எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது" என்று சொன்னேன். அன்றுதான் அவர் முதன்முறையாக நிறையப் பேசினார்.

நீங்கள் அழ வேண்டுமானால் அழுங்கள். நான் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் அழுதேன். வாரத்தில் ஓர் அரைநாள் வேறு ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுத் தூங்குங்கள். தூக்கமே வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போனால் உங்களுக்கும் மருத்துவர் வேண்டும். இரவில் தாங்க முடியாத நேரம் வந்தால் 1767 என்ற எண்ணில் பேச ஆள் இருக்கிறார்கள்.

இரண்டாம் சுற்றும் இப்படியே இருக்குமா?

மருந்து மாறாதவரை, எந்த நாளில் என்ன வரும் என்பது பெரும்பாலும் ஒத்துப்போகும். களைப்பு மட்டும் சுற்றுக்குச் சுற்றுக் கூடும். முதல் சுற்றின் நோட்டை இரண்டாம் சுற்றுக்கு முந்தைய இரவு இருவரும் சேர்ந்து படித்தோம். நான்காம் நாள் மாலைதான் மோசம் என்று தெரிந்தது. அன்று பிள்ளைகளை அண்ணன் வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தோம். பத்தாம் நாளுக்கு மருத்துவமனைப் பை தயாராக இருந்தது. ஆறாம் நாள் பக்கத்தில், "இட்லி இரண்டு, தேங்காய்ச் சட்னி, இன்னும் கேட்டார்" என்று எழுதியிருந்தேன். அந்த நாளுக்கு அரிசி ஊறப்போடச் சொல்லி, மாமியாரிடம் தேதியைக் குறித்துக் கொடுத்தேன்.